பதினோரு பேரும் நல்லாருக்காக

தொற்றுத் தடுப்பு நர்ஸ் வேலைக்கு அவளைப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் நான் நேரே போய் அவளுக்குக் கை கொடுத்தேன். "ரொம்ப சந்தோசம்டி" என்றேன். அத்தனை பெரிய பொய்யை அதற்கு முன்பு நான் சொன்னதில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "இருக்கிற வேலையே சாஸ்தின்னுதான தெனமும் பொலம்புவ, விட்டுத் தள்ளு" என்றார். விட்டுத் தள்ளுவதற்கா அவரிடம் சொன்னேன்.

நானும் அவளும் நர்சிங் பள்ளியில் ஒரே வருடம், விடுதியில் ஒரே அறை. படிப்பில் நான் எப்போதும் முன்னால், அவள் எங்கேயோ நடுவில். பல ஊர் சுற்றி, கடைசியில் இரண்டு பேருமே எங்கள் பள்ளத்தாக்கின் அரசு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். நான் சிசேரியன் வார்டு. ஒரு நாளைக்கு எத்தனை வயிற்றுக்குக் கட்டு மாற்றுகிறேன் என்று எனக்கே கணக்குக் கிடையாது. அவள் கண் வார்டு. "என்னடி, இன்னைக்கு எத்தன சொட்டு ஊத்துன?" என்று கேன்டீனில் அவளைக் கேலி செய்வேன். அவளும் கோபித்துக்கொள்ளாமல், "ஒங்கிட்ட வந்தா கணக்கு ஒப்பிக்கணுமா" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

கொரோனா வந்து போன பிறகுதான் இந்தப் புது வேலை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. நோயாளி வரும்போது கொண்டுவராத நோயை நாம் கொடுத்து அனுப்புகிறோமா என்று பார்க்கிற வேலை. அறுத்த இடத்தில் சீழ் வைக்கிறதா, மூத்திரக் குழாய் போட்டவருக்குக் குளிர்காய்ச்சல் வருகிறதா என்று வார்டு வார்டாகப் போய்ப் பார்த்து எழுதி, ஏன் வந்தது என்று கண்டுபிடித்து, அடுத்தவருக்கு வராமல் தடுக்க வேண்டும். புண்ணைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த வேலை எனக்குத்தான் என்று வார்டில் எல்லாருமே சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன்.

அவளுக்கு லேப் பக்கத்தில் ஒரு தனி அறை கொடுத்தார்கள். சக்கரம் வைத்த நாற்காலி, பேசுவதற்கு ஆஸ்பத்திரி போன், தலைக்கு மேல் ஒழுங்காகச் சுற்றும் ஃபேன். நைட் டியூட்டி கிடையாது. இதில் எதைப் பார்த்து அதிகம் பொறாமைப்பட்டேன் என்று கேட்டால் அந்த நாற்காலியைத்தான் சொல்வேன். என் வார்டில் இருப்பது ஒரு கால் உயர்ந்த ஸ்டூல்.

காலையில் ஃபைலும் கையுமாக வந்து கை கழுவும் தொட்டி அருகே நிற்பாள். யார் யார் கழுவிவிட்டு நோயாளியைத் தொடுகிறார்கள் என்று குறித்துக்கொள்வாள். அவள் நிற்கும்போது நான் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். அவள் போன பிறகு என் வழக்கம் என் வழக்கம்தான். ஒரு நாள் டிரெஸ்ஸிங் வண்டியிலிருந்த என் எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். மருந்தில் ஊறவைத்த பஞ்சு இருக்கும் டப்பா. கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருப்பேன்.

"இதக் கடைசியா எப்பக் கொட்டிக் கழுவுன?" என்று கேட்டாள்.

"தெனமும் மருந்து ஊத்துறேன்ல."

"ஊத்துறது சரி. கொட்டுனது எப்ப?"

குறைந்தால் ஊற்றுவோம், பஞ்சு தீர்ந்தால் போடுவோம். காலிசெய்து கழுவினதாக ஞாபகமே இல்லை. அவள் டப்பாவை அப்படியே எடுத்துப்போய் லேபில் கொடுத்துவிட்டு, ஒரு தடவை பிரித்து ஒரே ஆளுக்குப் பயன்படுத்தும் சின்னப் பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் படி இறங்குவதற்குள், "கண்ணுக்குச் சொட்டு ஊத்துனவ எனக்குப் பஞ்சு பிடிக்கச் சொல்லித் தாறா" என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் சூப்பரின்டென்டென்ட் அறையில் கூட்டம். அவள் எழுந்து, சிசேரியன் வார்டில் மூன்று பேருக்குத் தையல் சீழ் வைத்திருக்கிறது என்று வாசித்தாள். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. எல்லார் முன்னாலும், அதுவும் அவள் வாயால்.

"எங்க வார்ட விட்டுப் போறப்ப ஒருத்திக்கும் சீழ் கெடையாது" என்றேன்.

"போறப்ப இல்ல. வீட்டுக்குப் போன பெறகு" என்றாள். கிராமத்து நர்சுகளிடம் விசாரித்து வைத்திருந்தாள்.

"அறுத்து ஒரு மாசம் வரைக்கும் அது நம்ம கணக்குத்தான் சிஸ்டர்" என்றார் சூப்பரின்டென்டென்ட். அடுத்த வாரம் மறுபடி கூடிப் பேசுவோம் என்றார்.

ஒரு வாரம் எனக்குத் தாராளம். அந்த மூன்று பேர் போக, சமீபத்தில் வீடு திரும்பிய பதினோரு பெண்களின் போன் நம்பரை ரிஜிஸ்டரிலிருந்து எழுதி எடுத்தேன். வேறு ஒருத்திக்கும் ஒன்றுமில்லை, இவள் ஊதிப் பெரிதாக்குகிறாள் என்று காட்டுவதுதான் என் திட்டம். அவர்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். அவர்களுக்காக அல்ல. இரண்டு மத்தியானம், சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து எல்லாருக்கும் போன் போட்டேன். குச்சனூரில் ஒருத்தி. பண்ணைப்புரத்தில் ஒருத்தி. புருஷன் வேலை பார்க்கும் ஏலத்தோட்டத்துக்குப் பச்சைப் பிள்ளையோடு மலையேறிவிட்ட ஒருத்தி.

"ஆஸ்பத்திரில இருந்து சிஸ்டர் பேசுறேன். நல்லாத்தான இருக்க? தையல்ல ஒண்ணும் இல்லைல?"

"நல்லாருக்கேன் சிஸ்டர். ஒண்ணுமில்ல."

பெயருக்கு நேராக ஒரு டிக். கடமலைக்குண்டுக்கு மேலே ஒரு ஊரிலிருந்து வந்து பிள்ளை பெற்றுப்போன ஒருத்தி மட்டும், "கொஞ்சம்..." என்று இழுத்தாள். "அரிப்பா இருக்கும். ஆறுற புண்ணு அரிக்கத்தான் செய்யும்" என்றேன். "ஆமா சிஸ்டர்" என்றாள். அவளுக்கும் ஒரு டிக் போட்டேன்.

அடுத்த கூட்டத்தில் பதினோரு பெயரையும் ஊரோடு சேர்த்து நிறுத்தி நிதானமாக வாசித்தேன். "பதினோரு பேரும் நல்லாருக்காக சார். நானே பேசுனேன்" என்று முடித்தேன். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். தோற்றுப்போனாள் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் தின்றேன்.

மறுநாள் காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. கூடவே ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள். படுத்திருந்தது அந்தக் கடமலைக்குண்டுப் பக்கத்துப் பெண். பின்னால் அந்தப் பெண்ணின் அக்கா பிள்ளையை ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கட்டைத் திறந்ததுமே வாடை அடித்தது. தையலின் இடது ஓரம் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. சீழ் உள்ளே இறங்கிவிட்டது, ரத்தத்தில் கலந்துவிட்டதா என்று இரண்டு நாள் போனால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு டாக்டர் அவளைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஐயோ பாவம் என்று முதலில் தோன்றவில்லை. இவள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. அடுத்து, அவளுடைய அக்காவைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் புண்ணில் எண்ணெய் கிண்ணெய் தடவினீர்களா, பச்சைத் தண்ணீர் பட்டதா என்று துருவித் துருவிக் கேட்டேன். ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது. "நீங்க சொன்னபடிதான் பாத்தோம் நர்சம்மா" என்று அழுதாள். அந்த அழுகைக்குப் பிறகுதான் அவள் கையிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டேன். பால் கேட்டு அந்தப் பிள்ளை கத்திய கத்தலில் வார்டே அதிர்ந்தது. தாய்க்குப் போட்டிருந்த மருந்தினால் பால் கொடுக்கக் கூடாது என்றிருந்தார்கள்.

நாலு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. என் டப்பாவில் வளர்ந்த கிருமியும் அவள் புண்ணில் வளர்ந்ததும் ஒன்றுதானா என்று லேபில் உறுதியாகச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த டப்பா என் வண்டியில் இருந்த நாட்களில்தான் நான் அவளுக்குக் கட்டு மாற்றியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்ன பிறகு, கட்டு மாற்றும்போது மெதுவாகக் கேட்டேன்.

"நான் போன் பண்ணுனப்பவே கசிஞ்சுச்சா?"

"கசிஞ்சுச்சு சிஸ்டர்."

"பெறகு ஏன் நல்லாருக்கேன்னு சொன்ன?"

"நல்லாத்தான இருக்கன்னு கேட்டீக. அப்பிடிக் கேக்கிறவுககிட்ட இல்லன்னு எப்பிடிச் சொல்ல? திட்டுவீகன்னு பயமா இருந்துச்சு."

"ஒன்னைய ஆம்புலன்சுல கூட்டிட்டு வந்தவகிட்ட மட்டும் எப்பிடிச் சொன்ன?"

"அவுக நல்லாருக்கியான்னு கேக்கவே இல்ல. பிள்ள என்ன செய்யிது, நீ என்ன சாப்பிட்ட, அப்பிடித்தான் போன்ல பேசுனாக. பேசிக்கிட்டு இருக்கும்போதே, பாவாட நாடாவ எங்கன கட்டுறன்னாக. நெஞ்சுக்கு ஏத்திக் கட்டுறேன்னு சொன்னேன். ஏன் ஆத்தா ஏத்திக் கட்டுறன்னாக. கீழ கட்டுனா நனஞ்சு போகுதுன்னேன்."

நாற்காலியும் ஃபேனும் அந்த நிமிடமே எனக்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டன. அதைவிட மோசமான பொறாமை ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நானும்தான் தினமும் பாவாடை கட்டுகிறேன். சிசேரியன் தழும்பு எங்கே இருக்கும், நாடா எங்கே உரசும் என்று அவளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இத்தனை வருடமும் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி ஏன் வரவில்லை? கண் வார்டில் கிடந்தவளுக்கு எப்படி வந்தது? இப்போது எழுதும்போதும் அது உறுத்துகிறது.

கையுறையைக் கழற்றும்போதுதான் மிச்சம் பத்துப் பேரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களையும் நான் அப்படித்தான் கேட்டேன். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பட்டியலை எடுத்து முதல் நம்பரைப் போட்டேன். மணி அடித்தது. எடுத்தவள் "ஹலோ" என்றதும் என் நாக்கு, "நல்லாத்தான..." என்று தானாகவே தொடங்கியது. லைனைத் துண்டித்துவிட்டேன்.

லேப் பக்கத்தில் அவளுடைய அறைக்குப் போனேன். அந்த வாசலை அதுவரை நான் மிதித்ததில்லை. உட்காராமலே சொன்னேன்.

"மிச்சம் பத்துப் பேரையும் நீயே ஒருக்கா கூப்புட்டுக் கேளுடி. எங்கிட்டச் சொல்ல மாட்டாக."

"கேட்டாச்சு" என்றாள்.

நோட்டைத் திருப்பிக் காட்டினாள். பத்துப் பெயர்களும் இருந்தன. இரண்டு பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. ரெண்டு பேருக்கும் கசிகிறது, மேலாகத்தான், அவர்கள் ஊர் கிராமத்து நர்ஸ் தினமும் கட்டு மாற்றுகிறார், காய்ந்துகொண்டு வருகிறது என்றாள்.

"எப்பக் கேட்ட?"

"நீ பட்டியல வாசிச்ச அன்னைக்கு சாயங்காலம்."

"இந்தப் பட்டியல நம்ப முடியாதுன்னு அங்கனயே சொல்லியிருக்கலாம்ல? சூப்பரின்டென்டென்ட் முன்னாலயே என்னைய மட்டந்தட்டியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ஆத்திரத்துல நீ மறுபடியும் எல்லாருக்கும் போன் போட்டிருப்ப. மறுபடியும் நல்லாருக்கேன்னிருப்பாக. ரெண்டு தடவ அப்பிடிச் சொல்லிட்டா, பெறகு நான் கேட்டாலும் மாத்திச் சொல்ல மாட்டாக."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன். திட்டவில்லை. கோடு போட்ட இரண்டு பெயர்களையும் படித்தேன். இரண்டு பேருமே போனில் என்னோடு சிரித்துச் சிரித்துப் பேசியவர்கள்.