கச்சானுக்கு எரிந்த விளக்கு

துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கென்று கட்டிய வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா அங்கே பண்டகசாலையில் எழுத்தர். வீட்டின் பெரிய பெருமை மின்சாரம். முன்னறைக் கூரையிலிருந்து வயரில் ஒரு மின்குமிழ் தொங்கும். பொழுதுபடும் மைம்மலில் அதைப் போட்டதும் அம்மா கைகூப்பிக் கும்பிடுவாள். அவளுடைய தம்பி, எங்களோடு இருந்து கப்பலுக்கு வர்ணம் பூசப் போய்வந்த மாமா, "அக்கா, பல்புக்குத் திருநீறும் பூசி விடட்டோ?" என்று கேட்டு ஏச்சு வாங்குவார்.

சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாள் முன்பு ஜப்பான் விமானங்கள் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டன. அன்று காலை வேலைக்குப் போன மாமா திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஊரோடு ஊராக நாங்களும் உறவினர் இருந்த தம்பலகாமத்துக்கு ஓடினோம். அங்கே உறவுப் பெண்கள் ஒப்பாரி வைக்க வந்தபோது அம்மா எல்லாரையும் ஏசிக் கலைத்துவிட்டாள். உயிரோடு இருப்பவனை நினைத்து ஒப்பாரி வைத்தால் அவன் ஆயுசு குறையும் என்பது அவள் கட்சி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யவும் விடவில்லை.

வைகாசியில் வீடு திரும்பினோம். அன்று மைம்மலில் அம்மா சுவிச்சைப் போட்டாள். முன்னறை விளக்கு எரியவில்லை.

அப்பா எதையும் முறையாகச் செய்கிறவர். மேசையில் ஏறி, குமிழைக் கழற்றிக் குசினியில் மாட்டினார், எரிந்தது. குசினிக் குமிழை முன்னறையில் மாட்டினார், எரியவில்லை. "பல்பில பிழை இல்லை," என்று எங்களுக்கு அறிவித்துவிட்டுக் கைகழுவப் போனார். சுவிச்சை நிறுத்த யாருக்கும் நினைவு வரவில்லை.

மறுநாள் பின்னேரம் கச்சான் காற்றுக் கிளம்பியது. விமானங்களுக்கு வெளிச்சம் தெரியாதிருக்க யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்ததால் முன்னறை பகலிலும் இருட்டு. நான் தரையில் விளையாடிக்கொண்டிருந்தேன். யாரும் தொடாமலே விளக்கு எரிந்தது. உடனே நூர்ந்தது. மறுபடி எரிந்தது. என் கூச்சலுக்குக் குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்த அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"தம்பி, வந்திட்டியோ?" என்றாள்.

விளக்கு எரிந்தது.

அதன்பின் அந்தச் சுவிச்சைத் தொட அவள் யாரையும் விடவில்லை. பின்னேரங்களில் விளக்கின் கீழே கதிரையைப் போட்டு அமர்ந்து கதைப்பாள். சாப்பிட்டாயோ, எங்கே நிற்கிறாய், காயம் ஏதும் பட்டதோ என்று கேட்பாள். சில கேள்விகளுக்கு உடனே வெளிச்சம் வரும். சிலதுக்கு நெடுநேரம் இருட்டாகவே இருக்கும். அந்த இருட்டுத்தான் எனக்குக் கூடுதல் பயம். மேலே யாரோ காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பது போலத் தோன்றும். மாமா உயிரோடு இருந்தால் ஏன் கூரையிலிருந்து பதில் சொல்லவேண்டும் என்று கேட்க நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளருகே போய்க் குந்தினேன்.

அது பொழுதுபட்டபின் ஒரு கீற்று வெளிச்சமும் வெளியே தெரியக்கூடாத காலம். எங்கள் விளக்கோ கதவு திறந்திருக்கிறதா என்று பாராமல் தன்பாட்டில் எரிந்தது. இருட்டடிப்புக் காவலர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். இன்னொரு தடவை கண்டால் வழக்குத்தான் என்று சொல்லிப் போனார். வேலையும் வீடும் சேர்ந்து போய்விடும் என்று அப்பா கலங்கிப்போனார்.

அந்த ஞாயிறு பகல் பல்பு மாட்டும் புது ஹோல்டர் ஒன்றோடு அப்பா மேசையில் ஏறினார். அம்மா மேசைக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதவிக்கா, தடுக்கவா என்று தெரியவில்லை.

"இஞ்ச பாரும்," என்று அப்பா வயரை விரலால் ஆட்டினார். எரிந்தது. விட்டார். நூர்ந்தது. "ஹோல்டருக்குள்ள தகடு உப்புக் காத்தில கறள் பிடிச்சுப் போச்சு. கச்சான் ஆட்டினா முட்டும், எரியும். வேற ஒண்டும் இல்லை."

"ஆட்டாதேங்கோ," என்றாள் அம்மா. "அவனுக்கு நோகும்."

அப்பா இறங்கிப்போய் மெயினை நிறுத்தினார்.

புதியதைப் பூட்டி மின்சாரத்தை விட்டதும் விளக்கு எரிந்தது. பின்னேரம் கச்சான் வந்தது. வயர் ஊஞ்சல் போல ஆடியது; வெளிச்சம் ஒருமுறைகூட இமைக்கவில்லை. அம்மா மெல்ல, "தம்பி?" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒருமுறை கூப்பிட்டாள்.

"அம்மா, இனி இது நூராது!" என்று நான் கைதட்டிக் குதித்தேன்.

அவள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். தலைமயிரை அவிழ்த்துப் போட்டு, என் ராசாவே என்று தொடங்கி ஒப்பாரி வைத்தாள். தம்பலகாமத்தில் யாரையும் வைக்க விடாத ஒப்பாரி. அயல்பெண்கள் ஓடிவந்து அவளைச் சுற்றிக் குந்தித் தாங்களும் அழுதார்கள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அப்பா வாங்கி வந்த சாமான்தான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குப் பட்டது. பின்வளவுக் குப்பையைக் கிளறி, கறள் பிடித்த ஹோல்டரைத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்து அவள் மடியில் வைத்தேன்.

"அழாதேங்கோ. அப்பாட்டைச் சொல்லிப் பழசையே பூட்டுவம்," என்றேன்.

அம்மா அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒருவழியாக அவளுக்குப் பிடித்ததைக் கொடுத்துவிட்டேன் என்ற திருப்தியோடு நான் விளையாடப் போனேன்.