கொட்டாங்கச்சியைச் சிப்பி என்றேன்

போன வருஷம் டூரிஸ்ட் சீசனில், போர்ட் பிளேரில் நடந்த கைவினைச் சந்தை அது. பிள்ளைகள் தாங்கள் செய்ததைத் தாங்களே விற்க ஒரு வரிசை ஒதுக்கியிருந்தார்கள். கூடவே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டுமாம். புரோத்ராபூரில் என் பக்கத்து வீட்டுக்காரிக்கு அன்று டியூட்டி. அதனால் அவளுடைய பத்து வயது மகளோடு நான் போனேன்.

அந்தப் பிள்ளை கொட்டாங்கச்சியை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிப்பி வடிவத்தில் தோடும் பதக்கமும் செய்திருந்தாள். அப்படி ஒரு பளபளப்பு! ஆனால் வீடெல்லாம் தூள் என்று அவள் அம்மாவுக்குக் கோபம். பாதியாவது விற்காவிட்டால் அரத்தைப் பூட்டி வைத்துவிடுவேன் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

நானா விடுவேன்? எனக்குப் படிப்பு எழுத்துக்கூட்டும் அளவுதான். ஆனால் ஐம்பது வருஷமாக இந்தத் தீவில் பேசிப் பழகிய ஹிந்தி இருக்கிறதே. பிள்ளையை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, நடைபாதையில் நின்று "அஸ்லி சீபி, அஸ்லி சீபி" என்று கூவினேன். அசல் சிப்பி என்று அர்த்தம். கொட்டாங்கச்சி என்றால் யார் மதிப்பார்கள் என்று என் நினைப்பு. மைக்செட் பாட்டுச் சத்தத்தில் அவளுக்கு நான் கூவியது கேட்கவில்லை.

கூட்டம் வந்தது. எடுத்தார்கள், ஆசையாகப் பார்த்தார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். வெயில் சாயச் சாயப் பிள்ளையின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. நான் இன்னும் பலமாகக் கூவினேன்.

கடைசியில், மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்தான் காரணத்தைச் சொன்னாள்.

"அழகாத்தான் இருக்கு பாட்டிம்மா. ஆனா சிப்பின்னா ஏர்போர்ட்டுல பர்மிட் கேப்பாங்களாமே. இல்லேன்னா புடுங்கிக்குவாங்களாம்."

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு பாட்டி சிப்பின்னு சொன்னது?"

"நாந்தாம்மா."

"ஒரு மாசமா நான் ராவுனது கொட்டாங்கச்சிய. அதச் சொல்ல உங்களுக்கு என்ன வெக்கம்?"

எனக்குச் சுருக்கென்றது. யாரிடமும் தலை குனிந்து பழக்கமில்லாதவள் நான். ஆனாலும் மறுபடி நடைபாதைக்குப் போனேன். "நாரியல் ஹை, நாரியல். மைனே ஜூட் போலா" என்றேன். தேங்காய் ஓடுதான், நான் பொய் சொல்லிவிட்டேன் என்று ஊரறியச் சொன்னேன். போனவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். பிள்ளை தன் பையிலிருந்து ராவாத கொட்டாங்கச்சி ஒன்றையும் அரத்தையும் எடுத்து, எல்லார் முன்னாலும் ராவ ஆரம்பித்தாள். இதுவா இப்படி ஆனது என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வாங்கினார்கள். சந்தையில் விளக்குப் போடுவதற்குள் மேசை காலி!

அவள் வேலையைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து நான்தான் அதை மறைத்திருக்கிறேன்; இப்போதெல்லாம் எந்தப் பிள்ளை எதைச் செய்து காட்டினாலும், எதில் செய்தாய் என்று முதலில் கேட்டு, அதைத்தான் நாலு பேரிடம் சத்தமாகச் சொல்கிறேன்.