தூளி

டொரண்டோவிலிருந்து மகள் பேசினாள். கணவனின் முன்னோர்களைக் கனடாவின் பழைய மக்கள்தொகைக் கணக்கில் தேடுகிறாளாம்.

"ஒரு குழந்தை பேரை எழுதிட்டு, அப்புறம் கோடு போட்டு அடிச்சிருக்காங்கப்பா."

எழுபதுகளில் துபாய்க்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த அஜ்மான் வீடு ஞாபகம் வந்தது. தம்பி காய்ச்சலில் இறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அம்மாவின் புடவையில் கட்டிய தூளியை யாரும் அவிழ்க்கவில்லை. அதில் வசம்பு வாசனை அப்படியே இருந்தது.

கணக்கெடுக்க வந்தவர் வீட்டில் எத்தனை பேர் என்று இந்தியில் கேட்டார். அப்பா மூன்று என்றார்.

அம்மா எழுந்துபோய் வெறும் தூளியை ஆட்டினாள். "நாலுன்னு சொல்லுங்க. சின்னவன் தூங்குறான்."

அப்பா நாலு என்றார். வந்தவர் தூளியைப் பார்த்துவிட்டு, குழந்தை விழித்துவிடக் கூடாதென்று மீதிக் கேள்விகளை மெல்லிய குரலில் கேட்டார். அப்பாவும் அதே குரலில் பதில் சொன்னார்.

"சின்ன வயசுல உங்க வீட்ல எத்தனை பேருப்பா?" என்றாள் மகள்.

"நாலு" என்றேன், மெதுவாக.