மூன்றாவது தீக்குச்சி

"இரண்டு குச்சியில் பறந்தது, நான்கில் விழுந்தது" என்று என் டைரியில் ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே எழுதியிருக்கிறேன். அறிவியல் ஆசிரியையான என் தங்கை, மறுநாள் வகுப்பில் பறக்கவிடக் காலண்டர் அட்டையில் விமானம் செய்திருந்தாள். இறக்கையின் முன்விளிம்புக்கு அடியில் தீக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் சாய்வு கொடுத்தோம். வெம்பக்கோட்டை அணைக்கரையில், இரண்டு குச்சியோடு அழகாக மிதந்தது.

சாய்வு கூடினால் தூக்கும் விசையும் கூடும் என்று படித்திருந்த நான், அவள் தடுப்பதற்குள் நான்காக்கி வீசினேன். மூக்கைத் தூக்கி ஒரு கணம் நின்ற விமானம் பொத்தென்று விழுந்தது.

"ரொம்பச் சாய்ச்சா காத்து இறக்கை மேல ஒட்டாம பிரிஞ்சிரும்ணே. அடுத்த பக்கத்தப் படிக்கலையாக்கும்? நாளைக்குப் பிள்ளைக முன்னால நீங்களே வந்து விழுங்க!" என்றாள்.

ஒடிந்த மூக்கை ஒட்டி, இரண்டு குச்சியோடே கொண்டுபோனாள், வகுப்பில் பறந்தது. மூன்று குச்சியில் பறக்குமா என்பதை இன்றுவரை நாங்கள் சரிபார்க்கவில்லை.