செத்துப்போன சத்தம்

திருவொற்றியூரில் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுபவர் அவர். விரல்களில் காய்ந்த பிசின், காதில் செருகிய ஒரு ரூபாய் நாணயம். என் மகள் வீட்டிலேயே கட்டிய ஸ்போர்ட்ஸ் காருக்கு, என்ஜினை மூடும் கார்பன் ஃபைபர் பானெட் செய்து கொடுத்தார். மறுநாள் அவள் பந்தயத் தடத்தில் ஓட்டுவதாக இருந்தாள். வாகன ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். முறைப்படி சோதித்து, "குறையில்லை" என்று சோதனைத் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அவர் நாணயத்தால் பானெட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். கீல் அருகே மட்டும் ஓசை மந்தமானது.

"சத்தம் செத்துகீது சார். உள்ள அடுக்கு ஒட்டல. வேகத்துல பிச்சிகினு பாப்பா மூஞ்சிக்குத்தான் வரும்."

"நான் பார்த்தேனே."

"பாத்த. கேட்டியா நைனா?"

தான் செய்ததைத் தானே ரம்பத்தால் அறுத்துப் போட்டார். நான் தாளை மடித்து மறைத்தேன்.

பணியில் எத்தனை வண்டிகளை இப்படிப் பார்த்து மட்டும் அனுப்பினேனோ, தெரியாது. சாலையைக் கடக்க இப்போது பயமாக இருக்கிறது.