துண்டுக்காரர் புத்தகம்

மட்டமான காகிதத்தில் அச்சடித்த பழைய படக்கதைப் புத்தகத்துக்கு மண்ணெண்ணெயும் புழுதியும் கலந்த மாதிரி ஒரு வாடை உண்டு. சித்திரை வெயிலில் வியர்த்த கையோடு புரட்டினால் பெருவிரலில் கருப்பாக மை ஒட்டிக்கொள்ளும், அந்தக் கையால் முகத்தைத் துடைத்தால் கன்னத்திலும் அப்பிக்கொள்ளும். நான் ஆறாம் வகுப்பு படித்த காலத்தில், அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வாடைதான்.

அப்பா விசைத்தறியில் நெய்தார். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் மானாவாரிக் காடுகளில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், மழை பொய்த்துப் பொய்த்து அலுத்துப்போய் டவுனுக்கு வந்து தறிக்கூடத்தில் சேர்ந்திருந்தார். லீவு நாளில் காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் இருந்த பழைய புத்தகக் கடைக்குப் போய்விடுவார். துப்பறியும் கதை, பேய்க்கதை, குதிரை வீரர் கதை எல்லாம் அங்கே கயிற்றில் தொங்கும்; அவர் எடுப்பது சாகச வீரர்களின் படக்கதை மட்டும். முகமூடி போட்டு, மாடி விட்டு மாடி பாய்கிற அந்த வெளிநாட்டு வீரர்களுக்குக் கழுத்தில் கட்டிய துணி முதுகில் பறந்துகொண்டிருக்கும். கம்மாயில் குளித்துவிட்டு வருகிற ஆள் துண்டைக் கழுத்தில் முடிந்துகொண்ட மாதிரி இருக்கிறது என்று அப்பா ஒருநாள் சொல்லப்போய், எங்கள் வீட்டில் அவர்களுக்கெல்லாம் 'துண்டுக்காரர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அவர் தோளில் சாய்ந்து உரக்க வாசிப்பேன், அவர் படங்களைப் பார்த்துக்கொண்டு வருவார். அவரைப் போல் படம் பார்த்தவர்களை நான் பிறகு கண்டதில்லை. வில்லனின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ஓங்கிய கை எந்தக் கட்டத்தில் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில் துண்டுக்காரர் கையை ஓங்குவார்; அடுத்த கட்டத்தில் வில்லன் சுவரோரம் கிடப்பான். "நடுவுல விழுந்த அடியப் படம் போடல பாரு. அத நாமதான் போட்டுக்கணும்" என்று அப்பா சொன்னது, இன்றைக்கும் படக்கதையைப் பற்றி எனக்குத் தெரிந்த முக்கியமான சங்கதி. சிரிக்கவேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பார். நான் நன்றாக வாசிப்பதால் சிரிக்கிறார் என்று எனக்குப் பெருமை.

அந்தக் கோடையில்தான் திருச்சுழியிலிருந்து மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், மகளுக்குக் காதுகுத்து என்று அழைக்க வந்தார். அம்மா குழாயடிக்குப் போயிருந்தார். அப்பா கொல்லையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா தாம்பூலத் தட்டோடு நிலைப்படியில் நின்று, குடும்பத்தோடு முந்தின நாளே வந்துவிடவேண்டும் என்று முறைப்படி அழைத்தார். அப்பா திரும்பவில்லை. மாமா மறுபடியும் சொல்லிப் பார்த்தார். அப்பா சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு மாமா பஸ் ஏறிப் போய்விட்டார். "மதிக்காத வீட்டுல நமக்கென்ன வேல" என்று அவர் சொன்னதாகச் செய்தி மட்டும் வந்தது.

அம்மா கேட்டபோது, "எப்ப வந்தாக?" என்றார் அப்பா. அது அம்மாவுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. டவுன் வேலை கிடைத்ததும் மனிதருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை என்று ஏற்கெனவே குறைப்பட்டுக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அவர் பேசாமல் இருந்தது அப்பாவுக்கு எப்போது தெரிந்ததோ, தெரியாது. எனக்கும் அப்பா மேல் வருத்தம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வாசிக்க உட்கார்ந்தோம். வில்லன் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுகிற பக்கம். மனசில் இருந்த ஆத்திரத்தில், அச்சில் இருந்ததை விட்டுவிட்டு, அதே வாசிக்கிற குரலில், "அம்மா தெனமும் அழுகுது. மாமாகிட்ட ஏன்ப்பா பேசல?" என்றேன்.

அப்பா படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

முதலில் என்னைத்தான் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு வாசிப்பதை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் அவர் விரல் கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டிருந்தது. எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். சத்தமாகவும் கூப்பிட்டேன். அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பா பக்கத்தைத் திருப்பினார்.

முன்னால் வந்து உட்கார்ந்து அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். என் உதட்டையே பார்த்தவர் புத்தகத்தை மடியில் கவிழ்த்தார்.

"தறிச் சத்தத்துல காது போயிருச்சு தாயி. கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. தெரிஞ்சா வேலய விட்டு நிப்பாட்டிருவாக. அம்மாட்ட சொல்லாத."

அப்படியானால் நான் வாசித்ததெல்லாம் காதில் விழவே இல்லையா என்று கேட்டேன். அவர் ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். வாயிலிருந்து கிளம்பிய வெள்ளைக் குமிழிக்குள் பேச்சு. சுவர் இடிகிற இடத்தில் 'படார்' என்று பக்கத்தை அடைத்துக்கொண்டு எழுத்து.

"இதுல பேசுறது கண்ணுக்குத் தெரியுதுல்ல. சத்தங்கூட எழுதிருக்காக" என்றார்.

சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, முன்னறைக்குப் போய் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். வெகுநேரம் இரண்டு பேரும் கையாலும் வாயாலும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு திருச்சுழிக்குப் போனார். விஷயத்தைக் கேட்ட மாமா சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடேயே திரும்பி வந்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பாவின் கையைப் பிடித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தி அழைத்தார். "கத்த வேணாம் மச்சான். மொகத்தப் பாத்துச் சொல்லுங்க, போதும்" என்றார் அப்பா. காதுகுத்துக்கு முந்தின நாளே போனோம்.

வேலையும் போகவில்லை. அந்த இரைச்சலில் தறிக்காரர்கள் எல்லாரும் சைகையில்தான் பேசிக்கொண்டார்கள். அப்பா தயங்கித் தயங்கித் தன் கதையைச் சொன்னபோது, பக்கத்துத் தறிக்காரர் தன் காதைத் தொட்டுக் காட்டி, தனக்கும் அப்படித்தான் என்றாராம்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். அப்பா ஓட்டிய தறிகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. விருதுநகரில் என் வீட்டில் இருக்கும் அவருக்கு, வழவழப்பான தாளில் வண்ணத்தில் வருகிற கெட்டி அட்டைப் படக்கதைகள் வாங்கித் தருகிறேன். நிறம் கூடியதில் நிழல் காணாமல் போய்விட்டது என்று குறை சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுகிறார். போன வருடம் காதுக்கு மிஷினும் மாட்டிவிட்டோம். மிக்ஸிச் சத்தம், பஸ் ஹாரன், காக்கை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஆச்சரியப்பட்டார். அம்மா அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார்.

ஒருநாள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "கடைசியில ஒங்க அம்மா கொரலு எப்பிடித் தாயி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கரகரன்னு ஆயிருச்சுப்பா. ஆனா சத்தம் கொறையல" என்றேன்.

"சரி, மிச்சத்த நானே போட்டுக்கிறேன்" என்றார். பிறகு மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.