மூன்றாவது கிளச் பிளேட்

நான்கு மாதத்தில் என் பிக்கப்பில் இரண்டு கிளச் பிளேட் எரிந்து போயின. பழைய வண்டிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் இது அநியாயம். இறக்கக்கண்டியில் விடியற்காலை மீன்பெட்டிகளை ஏற்றி, தம்பலகாமம் தாண்டிச் சந்தையில் கொண்டுபோய் இறக்குவது என் பிழைப்பு. இன்னொரு தரம் வண்டி வழியில் நின்று மீன் பழுதானால் வேறு வண்டி பிடிப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற மனுஷன். அந்த ஓட்டம் போனால் எங்கள் வீட்டில் உலை ஏறாது.

மூன்றாவது பிளேட் போட்ட மறுநாளே பழைய குணம் திரும்பியது. நேரே மெக்கானிக்கிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் கிண்ணியாக்காரர். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். இருபது வருஷமாக இந்த வண்டியில் வேறொருவர் கை வைத்ததில்லை. அப்படிப்பட்டவரை முகத்துக்கு நேரே, போலிச் சாமான் போட்டு என்னை ஏய்க்கிறீர்கள் என்று கேட்டேன். என் வாய் அப்படி.

அவர் கோபப்படவில்லை. என்ன செய்கிறது என்று கேட்டார். ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை. எரிந்த மணம் வருகிறது. சில நேரம் கியர் விழாமல் கறகறவென்று உரசுகிறது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணன், ஏத்தத்தில இரையுதெண்டா கிளச் முழுசாப் பிடிக்கல்ல. கியர் உரசுதெண்டா முழுசா விடல்ல. ரெண்டும் ஒரு வண்டியில ஒண்டா வராதே" என்றார்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, டொப் கியரைப் போட்டு, கிளச்சை விட்டுப் பார்த்தார். எஞ்சின் திணறி நின்றது. பிளேட் பிடிக்கிறது என்பதற்கு அது அடையாளம். பெடலைக் கையால் அமுக்கி அளவு பார்த்தார், காதைக் கொடுத்து பெயரிங் சத்தம் கேட்டார். பிறகு தானே நிலாவெளி வீதியில் ஓட்டிக்கொண்டு போய் வந்தார். ஒரு குறையும் இல்லை.

"அப்ப நான் என்ன, பொய்யா சொல்லுறன்?" என்றேன்.

"நீங்க ஓட்டுங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன்."

வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன். அவர் வீதியைப் பார்க்கவில்லை, என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கிளச்சில இருந்து காலை எடுங்கோ, அண்ணன்."

"எடுத்துத்தானே வைச்சிருக்கிறன்."

"குனிஞ்சு பாருங்கோ."

பார்த்தேன். இடது கால் பெடலின் மேல் கிடந்தது. தரையில் இருக்கிறது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கியர் மாற்றும்போது முழுதாக மிதித்தேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். பாதிதான் போகிறது என்று அவர் காட்டினார்.

வண்டியை ஓரங்கட்டினேன். அவர் குனிந்து பெடலைத் தடவினார். விரலில் ஈரம். "மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுது போல" என்றார். கடைசியில் ஒரு காரணம் கிடைத்ததே என்று அவர் குரலில் ஒரு நிம்மதி. எண்ணெய்தானா என்று முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது. என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். பெடலின் ரப்பர் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. இரும்பு விளிம்பு பெருவிரலுக்குக் கீழே அறுத்து, ஆழமாக ஒரு புண். அதன் அருகே அவர் பெருவிரலால் அமுக்கினார். எனக்கு நோவே தெரியவில்லை.

எட்டு வருஷமாக எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. ஞாபகம் வந்தால் குளிசை போடுவேன்.

"இப்பவே ஆசுபத்திரிக்குப் போவம்" என்றார்.

"ஏலாது நானா. வார்ட்டில படுக்க வைச்சா முதலாளி வேற வண்டி பிடிச்சிடுவார். வெள்ளிக்கிழமை போறன். என்ர மனிசிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாது."

நெடுநேரம் மறுத்தார். நான் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினேன். பெடலுக்குப் புது ரப்பர் போட்டு, புண்ணுக்குத் துணி சுற்றி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. நல்ல மீன்பாடு, ஓட்டத்தை விட மனம் வரவில்லை. அவர் போன் எடுத்துக் கேட்டபோது, ஆசுபத்திரிக்குப் போனேன், மருந்து கட்டிவிட்டார்கள் என்றேன். நாலு நாள் கழித்து மறுபடி கேட்டார். புண் காய்கிறது என்றேன். வண்டி ஒழுங்காக ஓடியது. ஒவ்வொரு கியருக்கும் குனிந்து, கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஓட்டினேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. நோவு இல்லாததால் பயத்தைத் தள்ளிவைக்க முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து, சந்தையில் பெட்டி இறக்கும்போது குளிர்காய்ச்சலில் விழுந்தேன். ஆசுபத்திரியில் கண் விழித்தபோது புண் அழுகிய கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். பத்து நாள் முந்தி வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று டொக்டர் என் மனைவியிடம் சொன்னார்.

மெக்கானிக் வார்டுக்கு வந்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கோணும்" என்று அழுதார். அப்போதுதான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது.

"தெரிஞ்சும் என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மருந்து மயக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தியத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் போனில் சொன்ன பொய்களையும் சொல்லவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி" என்று மட்டும் சொன்னது எனக்குக் கேட்டது.

இப்போதும் தொழுகை முடிந்து சில வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். கதிரையில் இருந்து காலைப் பற்றி விசாரிப்பார். கரண்ட் பில் கொண்டுவருகிறவருக்கும் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பாதவள் என் மனைவி. இவருக்கு மட்டும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். நினைப்பதோடு சரி. சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

போன கிழமையும் வந்திருந்தார். குசினிக்குள் இருந்து அவள், அவருக்குக் கேட்கட்டும் என்றே, "காலைத் திண்டது போதாதெண்டு இப்ப பார்க்க வருகினமாம்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கிண்ணியாப் பக்கம் மழையா என்று நான் அவரிடம் கேட்டேன்.